சரஸ்வதி சாரி டிப்போ ஐபிஓ: 160 ரூபாய்க்கு சரி, 200க்கு எனக்கு வேண்டாம்

மும்பைய ஒட்டின கல்யாண், டோம்பிவிலி, அம்பர்நாத் பக்கம் இருக்கற நம்ம தமிழ் ஆளுங்க நிறைய பேர் 2024 ஆகஸ்ட்ல சரஸ்வதி சாரி டிப்போவோட ஐபிஓக்கு, அதாவது கம்பெனி முதல் தடவையா பொதுமக்களுக்கு பங்கு விக்கறதுக்கு, அப்ளை பண்ணதுக்கு காரணம் ஒண்ணே ஒண்ணுதான், உல்ஹாஸ்நகர்ல அவங்களுக்கு கடை இருக்குன்னு தெரியும், லோக்கல் டிரெயின்ல போறப்ப வர்றப்ப அந்தப் பேர் காதுல விழுந்திருக்கும், அவ்ளோதான். தெரிஞ்ச பேருன்னா ஒரு தைரியம் வருது, அத தப்பு சொல்ல முடியாது. ஆனா அந்தக் கடை நல்லா ஓடுதாங்கறது ஒரு கேள்வி, அந்தக் கடையோட பங்குக்கு இந்த விலை கொடுக்கலாமாங்கறது வேற கேள்வி. ரெண்டாவது கேள்விய யாருமே கேக்கல, வாட்ஸப் குரூப்ல பூரா ஜிஎம்பி எவ்ளோ ஜிஎம்பி எவ்ளோன்னுதான் ஓடிட்டு இருந்துச்சு (ஜிஎம்பின்னா சந்தைக்கு வர்றதுக்கு முன்னாடியே வெளிய பேசிக்கற கூடுதல் விலை), அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

கம்பெனி பத்தி தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். கோலாப்பூர்க்காரங்க, 1966லேர்ந்து சேலை மொத்த வியாபாரம், துல்ஹானி குடும்பம் நடத்துது. ஐபிஓ சமயத்துல ரெண்டே இடம்தான், ஒண்ணு கோலாப்பூர் காந்திநகர் பக்கம், இன்னொண்ணு நம்ம உல்ஹாஸ்நகர். பிரிவினைக்கப்புறம் சிந்தி அகதிகள் வந்து குடியேறி ஜவுளி வியாபாரத்தாலயே நிமிந்த ஊருங்க காந்திநகரும் உல்ஹாஸ்நகரும், உல்ஹாஸ்நகர்ல இன்னிக்கும் கேம்ப் நம்பர் சொல்லித்தான் விலாசம் கேக்கறாங்க, கஜானன் மார்க்கெட் பக்கம் ஞாயித்துக்கிழமை போய்ப் பாருங்க, நடக்கக்கூட இடம் இருக்காது. அந்த ஊர் வியாபாரத்துல ஒருத்தர் இத்தனை வருஷம் தாக்குப்பிடிச்சிருக்காருன்னா சரக்கு பாக்கற கண்ணு இருக்குன்னுதான் அர்த்தம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. சூரத், வாராணசி, மதுரை, தர்மாவரம், கொல்கத்தா, பெங்களூருன்னு எல்லா எடத்துலேர்ந்தும் சரக்கு எடுக்கறாங்க, 900க்கு மேல நெசவாளர்களும் சப்ளையர்களும், இவங்ககிட்ட வாங்கறவங்க 13,000க்கு மேல சின்னச் சின்ன கடைக்காரங்க. வருமானத்துல 90 சதவீதத்துக்கு மேல சேலைதான், மீதி குர்த்தி, டிரெஸ் மெட்டீரியல், ரவிக்கைத் துணி, லெஹங்கா மாதிரி.

ஒரே ஒரு பெரிய பார்ட்டிய நம்பி இல்லாம இத்தனை ஆயிரம் கடைக்கு விக்கறது நிஜமாவே பலம். யாரோ ஒருத்தர் கைவிட்டா கவுந்துடற வியாபாரம் இல்ல இது.

இஷ்யூ விவரம்: ஆகஸ்ட் 12லேர்ந்து 14 வரைக்கும், விலை 152லேர்ந்து 160, ஒரு லாட்டுக்கு (அப்ளை பண்ண வேண்டிய குறைஞ்சபட்ச அளவு) 90 ஷேர், அதாவது 14,400 ரூபாய். மொத்தம் 160 கோடி, அதுல கம்பெனிக்கு உள்ள வர்ற புது பணம் 104 கோடி, மீதி 56 கோடி ஓஎஃப்எஸ், அது குடும்பத்து ஆளுங்க கையில இருக்கற பங்க விக்கறது, அந்தக் காசு கம்பெனிக்குள்ள வராது. மொத்தத்துல 107 மடங்கு சப்ஸ்கிரைப் ஆச்சு, அதாவது விக்க வச்ச பங்க விட 107 மடங்கு கேட்டாங்க. எங்க வீட்ல நானும் வீட்டுக்காரியும் தனித்தனி டீமேட்ல ஆளுக்கு ஒரு லாட் போட்டோம், அவளுக்கு விழுந்துச்சு எனக்கு விழல, இவ்ளோ கூட்டத்துல இது வெறும் குலுக்கல்தான்.

இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன். இந்த வியாபாரம் எப்படி ஓடுதுன்னு புரியாம எந்த நம்பரப் பார்த்தும் பிரயோஜனம் இல்ல.

டோம்பிவிலி ஈஸ்ட்ல திருநெல்வேலி பக்கத்து அண்ணாச்சி ஒருத்தர் சின்ன சேலைக்கடை வச்சிருக்காரு, சூரத் சரக்கு எல்லாம் உல்ஹாஸ்நகர் மொத்தக் கடைங்கள்லதான் எடுப்பாரு. ஐபிஓ சமயத்துல அவர் கடையில போய் உக்காந்து பேசிட்டு இருந்தேன், அப்ப வந்த சரக்க பிரிச்சுட்டு இருந்தாரு. அட்டைப்பெட்டியில எட்டு சேலை, ஒரே டிசைன் எட்டு கலர், மேல மாடல் பொண்ணு படம் போட்ட கேட்டலாக். ஒவ்வொண்ணா எடுத்து முந்திய விரிச்சுப் பார்க்கறாரு, ரவிக்கைத் துணி சரியா சேந்திருக்கான்னு கடைசி வரைக்கும் உருவிப் பார்க்கறாரு, அப்புறம் மடிப்பு கலையாம அப்படியே மடிச்சு ஓரத்துல பென்சில்ல அவருக்கு மட்டும் புரியற மாதிரி ஒரு நம்பர் எழுதறாரு. "செட்டாத்தான் எடுக்கணும் தம்பி, நமக்கு வேண்டிய கலர மட்டும் பிரிச்சுத் தர மாட்டாங்க. இதுல ராமர் பச்சையும் மெரூனும் வாரத்துலயே போயிரும், இந்தச் சாம்பக் கலரும் இந்த மஞ்சளும் அடுத்த ஆடித் தள்ளுபடி வரைக்கும் நம்ம கூடத்தான் கெடக்கும்"னாரு.

அப்புறம் நோட்ட எடுத்துக் காட்டினாரு. சொசைட்டியில இருக்கற பொம்பளைங்களுக்கு தவணைக்கு குடுத்தது ஒரு பக்கம், மொத்தக் கடைக்கு இவர் குடுக்கவேண்டிய பாக்கி இன்னொரு பக்கம். தீபாவளிக்கு எடுத்த சரக்குக்கு கடைசி செக் பொங்கல் தாண்டித்தான் போகுது. "சரக்கு எடுக்கது ஒண்ணும் பெரிசில்ல, எத்தன நாள் டைம் தருவாங்கங்கதத் தான் மொதல்ல கேப்பேன், ரேட்டெல்லாம் அப்புறம்தான்"னு சொன்னாரு. இத நீங்க எந்தக் கடைக்காரர்கிட்ட கேட்டாலும் இதேதான் சொல்வாங்க. மொத்த வியாபாரி விக்கறது சேலை மட்டும் இல்ல, அவகாசமும் சேத்துத்தான் விக்கறாரு. அந்த அவகாசத்துக்கு பணம் எங்கேருந்து வருது? மொத்த வியாபாரியோட கையிலேருந்துதான் வரணும்.

இத மனசுல வச்சுக்கிட்டு ஐபிஓ பணத்த என்ன பண்ணப்போறாங்கன்னு பாருங்க. உள்ள வர்ற 104 கோடியில 81 கோடி ஒர்க்கிங் கேபிடலுக்கு, அதாவது சரக்குக்கும் பாக்கிக்கும் முடங்கற அன்றாட பணத்துக்கு, மீதி செலவு போக பொதுவான கம்பெனி தேவைக்கு. புதுக் கடை திறக்கறதுக்குன்னு தனியா பணம் ஒதுக்கல, பழைய கடனை அடைக்கறதுக்குன்னும் ஒதுக்கல. 2023-24ல நிகர லாபம் 29.5 கோடி. அப்ப கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் வருஷ லாபத்துக்கு சமமான பணம் சரக்குலயும் பாக்கியிலயும் போய் உக்காரப்போகுது. இது தப்புன்னு நான் சொல்லல, இந்த வியாபாரமே அப்படித்தான், ஆனா நம்ம ஆளுங்க பாதி பேர் இந்தப் பணத்துல சென்னை பெங்களூருன்னு பிராஞ்ச் திறக்கப்போறாங்கன்னு நினைச்சுட்டு இருந்தாங்க, அத நினைச்சாதான் வயித்தெரிச்சலா இருக்கு. ஐபிஓக்கு முன்னாடி கம்பெனி வெளியிடற விவரப் புத்தகம் ஆர்ஹெச்பியில தெளிவா போட்டிருக்கு, ஒரே பக்கம், படிச்சா அஞ்சு நிமிஷம் ஆகாது.

இன்னொரு விஷயம் இதோட சேந்து வருது, இதப்பத்தி ஐபிஓ ரிவ்யூ போட்டவங்க யாரும் பேசி நான் பார்க்கல. 1961 வருமானவரிச் சட்டத்துல 43பி எச்-னு ஒரு பிரிவு, 2023 பட்ஜெட்ல கொண்டு வந்தாங்க, 2023-24 கணக்கு வருஷத்துலேர்ந்தே அமல். குறு, சிறு தொழில்காரங்ககிட்ட சரக்கு வாங்கினா எழுத்து ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், ஒப்பந்தம் இல்லன்னா 15 நாளுக்குள்ள பணம் குடுத்துடணும், கெடு தாண்டிப் போச்சுன்னா எந்த வருஷம் குடுக்கறீங்களோ அந்த வருஷம்தான் அத செலவா காட்ட முடியும். 2024 ஆரம்பத்துல சூரத் மார்க்கெட்டே இதுக்காக பதறினது ஞாபகம் இருக்கலாம். நெசவாளருக்கு சீக்கிரம் பணம் கிடைக்குதுன்னா அது நல்லதுதான், எனக்கு அதுல மாத்துக் கருத்தே கிடையாது. ஆனா நடுவுல இருக்கற மொத்த வியாபாரிய யோசிங்க, வாங்கற பக்கம் 45 நாள்ல கழுத்தப் பிடிக்குது, விக்கற பக்கம் அண்ணாச்சி மாதிரி ஆளுங்க தீபாவளி சரக்குக்கு பொங்கலுக்கப்புறம் தராங்க, நடுவுல இருக்கற அந்த இடைவெளிய யாரோ நிரப்பணும். சேலை மொத்த வியாபாரத்துல பங்கு வாங்கற எல்லாரும் அந்த இடைவெளிய நிரப்பத்தான் பணம் போடறோம்னு புரிஞ்சுக்கிட்டு போட்டா பரவால்ல.

சரி, நம்பர். 2021-22லேர்ந்து 2023-24 வரைக்கும் மூணு வருஷ விற்பனை சுமார் 550 கோடி, 602 கோடி, 611 கோடி. அதே மூணு வருஷ லாபம் 12.3 கோடி, 23 கோடி, 29.5 கோடி. இத ஒரு தடவை மெதுவா பாருங்க. ரெண்டு வருஷத்துல விற்பனை ஏறினது 11 சதவீதம், லாபம் ஏறினது ரெண்டரை மடங்கு பக்கம். கடைசி வருஷம் விற்பனை ஒண்ணரை சதவீதம் கூட ஒழுங்கா ஏறல, விலைவாசி ஏறினதுக்குக் கூட பத்தாது, ஆனா லாபம் மட்டும் கால் பங்குக்கு மேல ஏறியிருக்கு. 100 ரூபாய்க்கு வித்தா 2 ரூபாய் 25 காசு நின்ன எடத்துல 2023-24ல 4 ரூபாய் 80 காசு நின்னுச்சு, இந்த நிக்கற காசுதான் மார்ஜின்.

இது ஏன் ஏறுச்சுங்கறதுதான் இந்த ஐபிஓவோட முழு கேள்வியும், வேற எதுவும் எனக்கு பெரிசா படல. நேரா தறிக்காரங்ககிட்ட வாங்கி நடுவுல புரோக்கர் கமிஷன மிச்சம் பண்ணியிருக்கலாம், மார்ஜின் அதிகம் இருக்கற சரக்கு பக்கம் போயிருக்கலாம், மொத்தமா எடுக்கறதால டிஸ்கவுண்ட் கூட கிடைச்சிருக்கலாம், எல்லாமே நடக்கக்கூடியதுதான். ஆனா மொத்த வியாபாரத்துல மார்ஜின்ங்கறது நின்னு விளையாடற பொருள் இல்ல. நீங்க 5 ரூபாய் வச்சா பக்கத்து சந்துக்காரர் 4 ரூபாய் வச்சுக் குடுப்பாரு, கடைக்காரர் அங்க போயிடுவாரு, ஏன்னா சேலை மேல பிராண்ட் பேரு எதுவும் ஒட்டியில்ல, அதே சூரத் கேட்டலாக் பத்து எடத்துல கிடைக்குது. இவங்ககிட்ட 3 லட்சத்துக்கு மேல வெரைட்டி இருக்குங்கறது வாங்க வர்ற கடைக்காரருக்கு பெரிய வசதி, ஒரே எடத்துல ஜார்ஜெட்டும் பைத்தானியும் சுங்குடியும் பாத்துட்டு போயிடலாம், ஆனா நமக்கு, பங்கு வாங்கறவங்களுக்கு, அந்த 3 லட்சத்துல எத்தன சாம்பக் கலர் இருக்கோங்கற கவலை வரணும்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஐபிஓக்கப்புறம் மொத்த ஷேர் சுமார் 3.96 கோடி. 160 ரூபாய்ல மொத்த மதிப்பு 634 கோடி பக்கம், லாபத்துல இருபத்தொண்ணரை மடங்கு. 200 ரூபாய்ல 792 கோடி, கிட்டத்தட்ட 27 மடங்கு. இது 4.8 சதவீத மார்ஜின் அப்படியே நிக்கும்னு நம்பினா. அது மூணரைக்கு இறங்கினா, இறங்கறதுக்கு பெரிசா ஒண்ணும் நடக்கவேண்டாம், ஒரு கல்யாண சீசன் மந்தமா போனாலே போதும், லாபம் 21 கோடி சொச்சம்தான், அப்ப 200 ரூபாய்ங்கறது 37 மடங்கு ஆயிடும். விற்பனையில 100க்கு ஒரு ரூபாய் மார்ஜின் குறைஞ்சா மொத்த லாபத்துல அஞ்சுல ஒரு பங்கு காணாமப் போகுது, இந்தக் கம்பெனிக்கு அவ்ளோ மெல்லிசான நூல்லதான் கணக்கு நிக்குது.

நிறைய பேர் கல்யாணத் துணி விக்கற மான்யவர் ஏறலையா, லெக்கிங்ஸ் விக்கற கோ கலர்ஸ் லிஸ்டிங் அன்னிக்கே, அதாவது சந்தையில முதல் நாள் வர்த்தகத்துலயே, கிட்டத்தட்ட டபுள் ஆகலையான்னு கேட்டாங்க. துணின்னா எல்லாம் ஒண்ணு இல்ல. மான்யவர் நடத்தற வேதாந்த் ஃபேஷன்ஸ் 2022 பிப்ரவரியில 866க்கு வந்துச்சு, அது சொந்த பிராண்ட், மாப்பிள்ளை ஷெர்வானிக்கு விலை பேச மாட்டாரு, அங்க நிக்கற மார்ஜினே வேற உலகம். கோ கலர்ஸ் நம்ம சென்னைக்காரங்க, 2021 நவம்பர்ல 690 இஷ்யூ விலை, 1,300க்கு மேல லிஸ்ட் ஆச்சு, அதுவும் பிராண்ட், சில்லறைக் கடை, கையில காசு. சேலைக்கு கிட்ட வர்றதுன்னா சாய் சில்க்ஸ் கலாமந்திர், காஞ்சிபுரம் வரமகாலட்சுமி கடை அவங்களுதுதான், 2023 செப்டம்பர்ல 222 ரூபாய்க்கு வந்துச்சு, லிஸ்டிங் ஏதோ கொஞ்சம் மேல, அவ்ளோதான். அதுவும் சில்லறை வியாபாரம், வாடிக்கையாளர் காசக் குடுத்துட்டு சேலைய எடுத்துட்டுப் போறாங்க. சரஸ்வதி மொத்த வியாபாரம், சேலை முதல்ல போகும், காசு பின்னாடி வரும். இந்த வித்தியாசம் ஒண்ணுக்காகவே பிஇ, அதாவது லாபத்துக்கு எத்தன மடங்கு விலைங்கறது, கம்மியா குடுக்கணும்.

இதோட மீஷோ மாதிரி ஆப் வந்தப்புறம் சூரத்ல இருக்கற ஆள் நேரா நம்ம சொசைட்டி ரெண்டாவது மாடி அக்காவுக்கே சேலை அனுப்பறாரு. அண்ணாச்சிகிட்ட இதப்பத்தி கேட்டேன், விலை குறைஞ்ச சேலையில வியாபாரம் அடி வாங்கியிருக்குன்னு ஒத்துக்கிட்டாரு, ஆனா தொட்டுப் பார்த்து வாங்கறவங்களும் தவணைக்கு வாங்கறவங்களும் இன்னும் கடைக்குத்தான் வராங்கன்னாரு. அவங்க இருக்கற வரைக்கும் மொத்தக் கடைக்கும் வேலை இருக்கு. நாளைக்கே மூடிடற வியாபாரம் இல்ல, ஆனா வேகமா வளரற வியாபாரமும் இல்ல.

லிஸ்டிங் அன்னிக்கு, ஆகஸ்ட் 20 செவ்வாய்க்கிழமை, என்எஸ்இல 194, பிஎஸ்இல 200. பிஎஸ்இ விலைய வச்சா 25 சதவீத பிரீமியம். ஒரு லாட் பிஎஸ்இ ஓபனிங்ல வித்திருந்தா 3,600 ரூபாய் லாபம். அதுக்கு கிட்டத்தட்ட ஒரு மாசம் முன்னாடி பட்ஜெட்ல, ஜூலை 23லேர்ந்து, குறுகிய கால லாபத்துக்கு வரிய 15லேர்ந்து 20 சதவீதம் ஆக்கிட்டாங்க, அதனால 720 ரூபாய் வரி, மேல செஸ், அதுவும் போகும், லிஸ்டிங் லாபம் சொல்றவங்க இத யாரும் கழிச்சுச் சொல்றதில்ல. வீட்டுக்காரிக்கு விழுந்த லாட்ட அன்னிக்கு காலையிலயே வித்துட்டோம், அதுல யோசிக்க ஒண்ணும் இல்ல, என் கணக்குல 160க்கு மேல பெரிசா மதிப்பு தெரியல.

நான் வருத்தப்பட்டது அன்னிக்கு புதுசா வாங்கினவங்கள நினைச்சுத்தான். அலாட்மென்ட் (குலுக்கல்ல பங்கு) கிடைக்காத ஏமாத்தத்துல 200 பக்கத்துல வாங்கினவங்க நிறைய பேர். இஷ்யூ சைஸ் 250 கோடிக்குள்ள இருந்தா முதல் 10 வர்த்தக நாள் டிரேட் டு டிரேட்லதான் போடுவாங்க, அதாவது காலையில வாங்கி மதியம் வித்து வெளிய வர முடியாது, டெலிவரி எடுத்துத்தான் ஆகணும், விலையும் ஒரு நாளைக்கு 5 சதவீதத்துக்கு மேலயும் கீழயும் நகராது. கீழ சர்க்யூட் அடிச்சா, அதாவது அந்த 5 சதவீத கீழ் எல்லையத் தொட்டா, விக்கணும்னு நினைச்சாலும் வாங்க ஆள் இருக்காது. சின்ன ஐபிஓல லிஸ்டிங் நாள்ல வாங்கறவங்க இந்த விதிய தெரிஞ்சுக்கிட்டுத்தான் வாங்கணும், தாராவியில சிட்டு போட்டு சேத்த பணம், டோம்பிவிலியில ஓவர்டைம் பாத்து சேத்த பணம், அது அப்படி மாட்டிக்கக் கூடாது. 2025ல இந்த ஷேர் 160க்கு கீழயே இறங்கிடுச்சு, 200ல வாங்கினவங்க நிலைம என்னன்னு சொல்லவேண்டியதில்ல.

அதுக்காக கம்பெனிய மோசம்னு சொல்றவங்களோடயும் நான் சேர மாட்டேன். இவ்ளோ வருஷம் ரெண்டு எடத்த மட்டும் வச்சுக்கிட்டு 600 கோடி விக்கறது சாதாரண காரியம் இல்ல, அகலக்கால் வைக்காம இருந்திருக்காங்க, லாபத்துல நடக்குது. வேல தெரிஞ்ச வியாபாரிங்க. விலைதான் விஷயம்.

யாராவது இப்ப வாங்கலாமான்னு கேட்டா நான் சொல்றது இதான். ஐபிஓல 160க்கு போட்டது லிஸ்டிங் அன்னிக்கே விக்கறதுக்கு, வாங்கி வச்சுக்கறதுக்கு கணக்கு வேற. மார்ஜின் மெல்லிசு, வளர்ச்சி மெதுவு, பணம் பாக்கியில நிக்கற வியாபாரம், இதுக்கு நான் 15 மடங்குக்கு மேல தர மாட்டேன். 2023-24 லாபத்த வச்சு 15 மடங்குன்னா ஒரு ஷேருக்கு 112 ரூபாய் பக்கம் வருது, லாபம் அதுக்கப்புறம் குறைஞ்சிருந்தா அதுவும் அதுக்கேத்த மாதிரி குறையும், புது ரிசல்ட்ட வச்சு நீங்களே போட்டுப் பாருங்க. விலை அதுக்கு கீழ இருந்தாலும் உடனே பாயாதீங்க, ஆண்டறிக்கையில கேஷ் ஃப்ளோ பக்கத்த எடுத்து ஆபரேஷன்லேர்ந்து நிஜமா காசு உள்ள வந்திருக்கான்னு பாருங்க, டெட்டார்ஸ் (கடைக்காரங்ககிட்டேர்ந்து வரவேண்டிய பாக்கி) விற்பனைய விட வேகமா ஏறுதான்னு பாருங்க, சரக்கு இருப்பு போன வருஷத்த விட எவ்ளோ கூடியிருக்குன்னு பாருங்க. லாபம் காட்டி காசு வராம ரெண்டு வருஷம் போச்சுன்னா 81 கோடியும் பாக்கி நோட்டுலதான் இருக்குன்னு அர்த்தம், அப்ப 80 ரூபாய்க்கு கிடைச்சாலும் நான் தொட மாட்டேன்.